ககேந்திரபூஷணை அச்சிடாதீர்கள்

சாலிக்தலா சந்து,
கொல்கத்தா,
பாத்ர மாதம் 12

‘நதிமுகம்’ ஆசிரியர் திரு. பூதேவ் லாஹிரி அவர்களின் சமூகத்துக்கு,

நெடுநாள் வாசகன் சத்யசரண் குஹநியோகி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி அணிமாவும் என் வயிற்றுப் பொருமலும் வழக்கம்போல் இருக்கிறோம். தாங்களும் தங்கள் துர்கா பூஜை மலர் வேலைகளும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். என்னுடைய ‘சணல் வியாபாரி’ கதையைப் பூஜை மலரில் போடுவதாகத் தாங்கள் எழுதிய அஞ்சலட்டை கிடைத்தது. அறுபத்தாறு வயதில் கிடைத்த முதல் சந்தோஷம் என்று எழுதினால் அணிமா கோபித்துக்கொள்வாள், ஆகவே இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அந்தக் கதையை அச்சிடாதீர்கள்.

நடந்ததற்கெல்லாம் தாங்கள்தான் பொறுப்பு என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசி என்றுதான் சொல்கிறேன். நான் டிராம் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘நான்கு நிமிடம் தாமதம்’ என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் எழுதியதில்லை. தங்களுடைய ‘கதை எழுத விரும்புவோருக்கு’ பகுதியை வாராவாரம் படித்துத்தான் கெட்டேன். உத்வேகத்துக்காகக் காத்திருக்காமல் தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள் என்றீர்கள். காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு உட்கார்ந்தேன். முதல் நாள் உத்வேகம் நாற்பது நிமிடம் தாமதம், இரண்டாம் நாள் வழியிலேயே நின்றுவிட்டது, எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றீர்கள். மீன் சந்தைக்குப் போய், இல்சா மீன் விற்கும் அம்மாளின் பேச்சு அருமையாக இருக்கிறதே என்று குனிந்து எழுதினால், அந்த அம்மாள் என்னை எடைக்கல் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து நான் தலைகாட்டினாலே தராசெல்லாம் சாக்குக்கு அடியில் போய்விடுகிறது, மூன்று வாரமாக எங்கள் வீட்டில் பூசணிக்காய்தான். வசனத்தை உரக்கப் படித்துப் பாருங்கள் என்றீர்கள். குளியலறையில் நின்று, “கைநாட்டு வைக்கிறியா கிழவி, இல்ல தெருவுல நிக்கிறியா?” என்று வில்லன் குரலில் படித்தேன். ஒரு வாரம் என்று வந்து நான்கு மாதமாகத் தங்கியிருந்த என் மனைவியின் அக்கா அன்று மதியமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த ஒரு ஆலோசனைக்கு மட்டும் தங்களுக்கு நன்றி.

இதெல்லாம் போகட்டும். தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஆளையும் பெயரையும் அடையாளமே தெரியாதபடி மாற்றிவிடுங்கள் என்று எழுதினீர்களே, அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. எனக்குத் தெரிந்தவர் என்றால் எதிர்வீட்டு ஹாபுல்தான். நாற்பத்தொரு வருஷமாகத் தினமும் மாலையில் எங்கள் தெரு கிளப் அறையில் அவனும் நானும் சதுரங்கம் ஆடுகிறோம். நான் தேநீர் எடுக்கத் திரும்பும்போதெல்லாம் அவனுடைய யானை தானாக ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எனக்குத் தெரியும், சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்து, விதவையின் வீட்டை அபகரிக்கும் சணல் வியாபாரிக்குக் கொடுத்தேன். ஹாபுல் ஒல்லி, வியாபாரி பெருந்தொந்தி. ஹாபுலுக்கு வழுக்கை, வியாபாரிக்குச் சுருட்டை முடி. பெயருக்குத்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் சந்தில் எல்லோருக்கும் வீட்டில் கூப்பிடும் பெயர்தான் வழக்கம், நானே இங்கே போம்பல்தான். பள்ளிக்கூடத்தில் எழுதிய நல்ல பெயர் கம்பளிச் சால்வையோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கும், யாரும் கேட்பதில்லை. உயிரோடிருக்கும் எந்த மனிதனுக்கும் இருக்க முடியாத பெயராகத் தேடித் தேடிக் கடைசியில் ககேந்திரபூஷண் என்று வைத்தேன்.

அச்சுக்கு முன் உறவினர் அல்லாதவர்களிடம் படித்துக் காட்டுங்கள் என்பதும் தங்கள் வாக்குதான். போன சனிக்கிழமைக்கு முந்தின வியாழன் மாலை கிளப்பில் படித்தேன். “மகாபாதகன் ககேந்திரபூஷண் உள்ளே நுழைந்தான்” என்றதும் ஹாபுல் கோப்பையைக் கீழே வைத்தான்.

“போம்பல், அந்தப் பேரை இன்னொரு தரம் படி.”

“ககேந்திரபூஷண்.”

“அது என் பேருடா.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டம் போட்ட பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஓரெழுத்துக்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

“இத்தனை வருஷமா ஹாபுல், ஹாபுல்னுதான் கூப்பிட்டே. என் பேரு உனக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சு வச்சிருந்து, கடைசில திருடனுக்கு வச்சிருக்கே. யானையை வேற நகர்த்த விட்டிருக்கே.”

தெரியாதுடா என்றால் நம்புவானா, நம்பவில்லை. காய்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பலகை என்னுடையது, காய்கள் அவனுடையவை. ஒன்பது நாளாக நான் வெறும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வீட்டு மாடியில் தேநீர் குடிக்கிறான். வீட்டிலும் ஆறுதல் இல்லை.

“இத்தனை வருஷமா எதிர்வீடு. அவர் நல்ல பேரு என்னன்னு ஒருநாளாவது கேட்டிருக்கலாமில்ல?” என்கிறாள் அணிமா.

“உனக்கு மட்டும் தெரியுமா?”

“நான் கதை எழுதலையே.”

ஐயா, மாலை ஐந்து மணி ஆனால் பழக்கத்தில் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிடுகிறேன். கதை வேறொன்று எழுதிக்கொள்ளலாம், இந்த வயதில் இன்னொரு ஹாபுலுக்கு நான் எங்கே போவேன்? ஆகவே கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அல்லது கிழித்துவிடுங்கள், அதுவும் சம்மதமே.

வரப்போகும் தேவி தங்களுக்கும் தங்கள் அச்சகத்துக்கும் எல்லா நலமும் அருளட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள்.

தங்கள் பணிவுள்ள,
சத்யசரண் குஹநியோகி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் காய்ப்பெட்டியோடு ஹாபுல் வந்தான்.

“கதையை நிறுத்தச் சொல்லி எழுதுறியாமே, அணிமா சொன்னா. நிறுத்தாதே. எங்கப்பா போனப்புறம் அந்தப் பேரை யாரும் வாயால சொன்னதில்லடா. எம் பொண்டாட்டிக்கே மறந்துபோச்சு. ஒம்பது நாளா நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. திருடனாவே வரட்டும், அச்சுல வரட்டும். ஆனா சதுரங்கத்துல ஏமாத்துறதா எழுதினியே, அதை மட்டும் எடுத்துடு. அது அபாண்டம்.”

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுக் கதையை அச்சிடுங்கள். பெயரில் ஓரெழுத்தும் பிசகக் கூடாது, முடிந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். சதுரங்கப் பத்தியை மட்டும் வெட்டிவிடுங்கள். மிகவும் பிடித்த பத்தியை வெட்டத் தயங்காதீர்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதும்போதே பலகை எதிரில்தான் இருக்கிறது. சற்றுமுன் தேநீர் எடுக்கத் திரும்பினேன், திரும்பிப் பார்த்தால் யானை ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. “ககேந்திரபூஷண் பாபு, ஆட்டம் உங்களோடது” என்றேன். காது வரைக்கும் சிவந்துபோய், யானையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.