திருவுளச்சீட்டும் திருத்து மிஸ்ஸும்

அரசாங்கம் ஊர் ஊராகத் தபாற்கந்தோர் திறந்தது கடிதங்களை அனுப்புவதற்கு. வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த உபதபாற்கந்தோரில் மட்டும், அனுப்பாமல் விடுவதற்கென்றே ஒருவரை நியமித்திருந்தது. அவர்தான் திருத்து மிஸ். சொந்தப் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மெதடிஸ்த வீட்டுப் பெண். வரிசையில் நிற்பவர் நீட்டுவதை வாங்கி, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்து, "திருத்திக்கொண்டு வாரும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வள்ளம் வலையெல்லாம் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் எண்பது கலியாண அழைப்பிதழோடு வந்தார். மிஸ் எண்பது விலாசத்தையும் படித்தார். "உம்மடை மனுசியின்ரை தமையனுக்குக் காணேல்லை. சண்டையை முடிச்சிட்டுக் கொண்டு வாரும்" என்றார். மனிதர் முடித்துவிட்டுத்தான் வந்தார்.

இன்னொரு நாள் ஒரு தாய், 'அம்மா கடும் சுகவீனம், உடனே வா' என்று கொழும்பிலிருக்கும் மகனுக்குத் தந்தி அடிக்கச் சொன்னாள்.

"நீர் இஞ்சை நிண்டு கச்சான் சாப்பிடுறீர். ஆருக்குச் சுகவீனம்?"

"அவனுக்குப் பொம்பிளை பாத்திருக்கு மிஸ். சும்மா கூப்பிட்டால் வரான்."

மிஸ் தந்தியைத் திருத்தினார்: 'பெண் பார்த்தாயிற்று, உடனே வா.' பையன் அடுத்த நாளே வந்து இறங்கிவிட்டான்!

இப்படிப்பட்டவர் கையில்தான் எழுபதுகளில் என் பல்கலைக்கழக விண்ணப்பமும் போய் விழுந்தது. எனக்குக் கொழும்புப் பக்கம் போய் வியாபார நிர்வாகம் படிக்க ஆசை. அப்பாவோ தண்டையல், வள்ளத்துக்குத் தலைவன்.

"வியாபாரத்துக்கும் பட்டமோ? எங்கடை ஆக்கள் பட்டம் எடுத்தே பர்மாவுக்குக் கப்பல் விட்டவை?" என்று சிரித்தார். நான் விடாமல் அழுதேன். அவர் அம்மன் கோயிலுக்குப் போய், சீட்டுகளில் எழுதிச் சந்நிதியில் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கும் திருவுளச்சீட்டுப் போட்டுவிட்டு வந்தார். "அம்மாள் சொல்லிப்போட்டா. யாழ்ப்பாணத்திலை கலைப் பட்டம்."

அம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாளோடு யார் வழக்காடுவது? அப்பா சொல்லச் சொல்ல விண்ணப்பத்தை நிரப்பினேன். பதிவுத் தபாலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். இரண்டு மணிக்குத் தபாற்பையைக் கட்டிவிடுவார்கள். ஒன்றேகாலுக்கு நானும் அப்பாவும் போய் நின்றோம்.

மிஸ் கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளை, பள்ளிக்கூடத்திலை என்ன படிச்சனீர்?"

"வணிகமும் கணக்கியலும் மிஸ்."

"பிறகேன் கலை முதலாவதா நிக்குது?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "அம்மாளின்ரை முடிவு மிஸ். திருவுளச்சீட்டுப் போட்டது."

வேதக்கார மனுசி இதற்கு என்ன சொல்ல முடியும்? என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"அம்மாள் சொன்னால் நான் ஆர் மறுத்துக் கதைக்க? எத்தினை சீட்டுப் போட்டனீங்கள் தண்டையல்?"

"ரெண்டு."

"என்னென்ன?"

அப்பா முகட்டைப் பார்த்தார். "ஒண்டு கலைப் பட்டம். மற்றது வந்து... ரீச்சர் ரெயினிங்."

"வியாபார நிர்வாகம்?"

"அது போடேல்லை."

"போடாத சீட்டை அம்மாள் எப்பிடி எடுக்கிறது? அவவின்ரை வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, அவ சொன்னவ எண்டு என்னட்டைக் கொண்டு வாறியளோ? போய் மூண்டு சீட்டாப் போட்டுட்டு வாங்கோ!"

வரிசை முழுவதும் சிரித்தது. புயலுக்குள் வள்ளம் ஓட்டிய அப்பாவுக்கு அந்த யன்னலடியில் வியர்த்துக் கொட்டியது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை உனக்கு உந்தப் படிப்பு?"

அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை.

"எங்கடை வள்ளத்திலை என்ன ஏத்திறது எண்டு கொழும்பு முதலாளிமார்தானே அப்பா சொல்லுகினம். அதைச் சொல்லுற ஆளா நான் வரவேணும்."

அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "அம்மாளை ரெண்டாந்தரம் கரைச்சல்படுத்தேலாது. நான் அவவிட்டை மன்னிப்புக் கேக்கிறன். நீ விரும்பினதை எழுது" என்றார்.

ஆனால் வெட்டித் திருத்திய விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள். மிஸ் மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே ஐந்து புது விண்ணப்பப் படிவங்கள்! "உங்கடை ஆக்களை எனக்குத் தெரியாதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டு ஒன்றை நீட்டினார். நான் எழுத எழுத, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர் முத்திரை கேட்டார். "உமக்கு அவசரமெண்டால் கடிதத்தை நடந்துபோய்க் குடுத்திட்டு வாரும்" என்றார். இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் என் கடிதம் பைக்குள் விழுந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், கந்தோர் நேரத்தில் கதிரையை விட்டு எழும்பாத மிஸ் எங்கள் படலையடியில் நின்றார். கையில் நீளமான அரசாங்கக் கடிதம். தபாற்காரன் அடுத்த நாள்தான் எங்கள் பக்கம் வருவான், அதுவரை பொறுக்க முடியவில்லையாம். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "திறந்து பார் பிள்ளை" என்றார். பார்த்தேன். கேட்ட பட்டமே கிடைத்திருந்தது.

மிஸ் "ம்" என்றார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரும்பி நடந்தார். கந்தோர் இருந்தது கிழக்கே. அவரோ வடக்கே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அப்பாதான் பின்னால் ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டி வந்தார். மிஸ்ஸின் முகமெல்லாம் கண்ணீர்; வழியே தெரியவில்லை. இவ்வளவு அன்பை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுசி எங்களை இத்தனை வருடமாக விரட்டியது என்று நினைத்து, அன்றைக்குத்தான் நான் அவரை முதன்முதலாகக் கட்டிப்பிடித்தேன்.