அப்டேட் வராத டேப்லெட்டும் ஒரு காதுகுத்தும்

நீங்கள் டேப்லெட் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் எதைக் கேட்பீர்கள்? ஸ்க்ரீன் எவ்வளவு பெரிது, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கூட என்னென்ன ஃப்ரீ. அவ்வளவுதானே? கை கொடுங்கள், நானும் உங்கள் கட்சியாகத்தான் இருந்தேன். "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சூடாக இட்லி வந்து இலையில் விழும்போதே நாளைக்கு இது புளிக்குமா என்று சர்வரைக் கேட்கிற கூட்டம் என்று நினைப்பேன்.

இத்தனைக்கும் நான் இன்ஜினியரிங் முடித்தவள். தாம்பரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு வைஃபை படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். (போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். அவ்ளோதான். ஆனா முகத்த சீரியஸா வெச்சுக்கணும், அதுதான் டெக்னிக்.)

விஷயம் என்னவென்றால், ரேவதி அக்காவின் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். திருநீர்மலை அடிவாரத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பாப்பாவுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் எங்கள் அண்ணன். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவு கேட்டான், கிடைக்கவில்லை. கம்மல் மட்டும் முன்கூட்டியே ஃப்ரெண்டு கையில் கொடுத்தனுப்பிவிட்டு, "நான் இல்லாட்டி என்ன, கம்மலைப் போட்டு விடுங்க" என்றான். போனில் அவன் குரலே சரியில்லை.

அக்கா மாமனாருக்கு ஒரு அண்ணன். பம்மல்காரர். எல்லோரும் அவரைப் பெரியப்பா என்போம். எந்த விசேஷத்திலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். அவர் ரொம்ப சிம்பிளாகச் சொல்லிவிட்டார்.

"தாய்மாமன் வரலன்னா இன்னாம்மா இப்போ? நம்ம வூட்ல ஆம்பளைங்களுக்கா பஞ்சம்? என் மடி காலியாத்தான் கீது. குந்த வெச்சிக் குத்திட்டுப் போய்க்கினே இருப்போம்."

அன்று ராத்திரியே அக்கா எனக்குப் போன் போட்டாள். "இவரு மடில உக்கார வெச்சா, பொண்ணு வூட்ல ஆளில்ல, நாந்தான் நின்னேன்னு பாப்பா கல்யாணம் வரைக்கும் சொல்லுவாருடி. அதுகூடப் பரவால்ல. அண்ணனுக்கு எப்படி இருக்கும்? பாப்பா பொறந்தப்பவும் அவன் இல்ல. இதுக்கும் இல்லன்னா அவன் என்ன போட்டோவுல மாமனா?"

எனக்கு உடனே மண்டைக்குள் பல்பு எரிந்தது.

"அக்கா, மடி நான் தரேன். முகம் அண்ணன் தரட்டும். பெரிய டேப்லெட் ஒண்ணு வாங்கி என் நெஞ்சுல கட்டிக்கிறேன். வீடியோ கால்ல அண்ணன் வருவான். மடி பிளஸ் முகம், ஒரு முழு தாய்மாமன் ரெடி."

(இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிச்சுது. சத்தியமா.)

பெரியப்பா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார், கண்டிஷனோடு. "மூஞ்சி பெருசா தெரியணும். நல்ல நேரத்துக்குள்ள வரணும். வரல, என் மடிதான். அப்பால யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

மறுநாளே கீர்த்தியை இழுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கீர்த்தி என் காலேஜ் மேட். எதையும் நாலு விமர்சனம் படிக்காமல் வாங்க மாட்டாள், ஹேர்கிளிப் உட்பட. கடைக்காரர் எடுத்து வைத்த டேப்லெட், நம் வீட்டுத் தோசைக்கல்லுக்குச் சித்தப்பா பையன் சைஸில் இருந்தது. விலையோ என் பட்ஜெட்டுக்கும் கீழே. கீர்த்தி அதை வாங்கி நேராக செட்டிங்ஸுக்குள் போனாள்.

"அண்ணா, ஆண்ட்ராய்டு வெர்ஷன் ரொம்பப் பழசா இருக்கே. இதுக்கு அப்டேட் வருமா?"

"அப்டேட் போட்டா டேப் ஸ்லோவாயிடும் மேடம். இது கம்பெனி செட்டிங்லயே ஜம்முனு ஓடும். கூட கீபோர்டு ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ, பேனா ஃப்ரீ, கவர் ஃப்ரீ."

"பாத்தியா?" என்றேன், ஏதோ அந்தக் கீபோர்டை நானே கண்டுபிடித்த மாதிரி.

"மச்சி, ஃப்ரீயா குடுக்கறதெல்லாம் வெளியில இருக்கு. உள்ள இருக்கறது செத்துப்போன வெர்ஷன். ஆப்காரன் ஒவ்வொருத்தனா சப்போர்ட்ட நிறுத்திடுவான். அப்புறம் இத வெச்சு விசிறிக்கத்தான் முடியும்."

"எனக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ கால்டி. அதுக்கு எதுக்கு அப்டேட்டு? அப்டேட் வராத டேப்தான் நல்ல டேப். நம்மள தொந்தரவு பண்ணாது."

"மேடம் கரெக்டா சொல்றாங்க," என்றார் கடைக்காரர். என்னை யாரும் கரெக்ட் என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. பில் போடச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே டெஸ்ட் கால். அண்ணன் வந்தான். ஷேவ் பண்ணும்போது தாடையில் கீறிக்கொண்டதுகூடத் தெரிந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கீர்த்திக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, கூடவே கூலிங் கிளாஸ் போட்ட பொம்மை ஒன்றையும் அனுப்பினேன்.

இங்கேதான் எங்கள் வீட்டு ஸ்பெஷல் ஒன்று நடந்தது. விசேஷத்துக்கு வாங்கிய பொருளை விசேஷத்துக்கு முன்னால் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஸ்க்ரீன் மேல் இருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. டேப்லெட்டை டப்பாவோடு பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி. பாப்பாவுக்கு நடுவில் காய்ச்சல் வந்து தேதி தள்ளிப் போனது. அதுபாட்டுக்கு மாசக்கணக்கில் அங்கேயே தவம் செய்தது. வெளியே உலகம் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது.

காதுகுத்து நாள். மண்டபத்தில் பலகை போட்டாகிவிட்டது. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மஸ்கட்டில் அண்ணன் விடிவதற்குள் குளித்து, பட்டு வேட்டி கட்டி, ரூமில் இருந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறான். நான் பட்டுப்புடவையில், அம்மா கையால் பிளாஸ்டிக்கை உரிக்க வைத்து, முந்தின ராத்திரி சார்ஜ் மட்டும் போட்டு வைத்த டேப்லெட்டைக் கைதட்டலுக்கு நடுவே ஆன் பண்ணினேன். என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, கால் பண்ணும் ஆப்பைத் தட்டினேன்.

'இந்த ஆப்பின் பழைய பதிப்பு இனி இயங்காது. அப்டேட் செய்யவும்' என்றது.

செய்யப் போனேன். 'உங்கள் சாதனம் இந்தப் பதிப்பை ஆதரிக்காது' என்றது.

சரி, டேப்லெட்டையே அப்டேட் பண்ணிவிடலாம் என்று செட்டிங்ஸுக்குள் போனேன். 'உங்கள் டேப்லெட் அப்டேட்டாக உள்ளது' என்றது. என்ன ஒரு தன்னம்பிக்கை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். (முகத்த சீரியஸா வெச்சுக்கிட்டுதான்.) மறுபடியும் அதே பதில்.

மூலைக்கு ஓடிப்போய்க் கீர்த்திக்குப் போன் போட்டேன்.

"மச்சி, அந்த வெர்ஷனுக்கு ஆப்காரங்க போன மாசமே சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. பேசாம அக்கா போன்ல கால் போடு."

"போன்ல போட்டா அண்ணன் தம்மாத்துண்டு தெரிவான். பெரியப்பா மூஞ்சி பெருசா தெரியணும்னு சொல்லியிருக்காருடி."

"அப்போ அவரு மடியே மேல்."

திரும்பிப் பார்த்தால், பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பலகையை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். "நேரம் போய்க்கினு கீது. இன்னா, வந்துட்டானா உங்க அண்ணன்?"

"ரெண்டே நிமிஷம் பெரியப்பா. ஏர்போர்ட்ல இறங்கிட்டான்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த டேப்லெட்டுக்குள்ளேயே தேடினேன். 'ஃப்ரீ வீடியோ கால்' என்று போட்டதும் ஏதோ ஒரு ஆப் வந்து, அந்தப் பழைய வெர்ஷனில் சமர்த்தாக ஏறியது. பெயரைக்கூடப் படிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'சரி, சரி, சரி' என்று அமுக்கினேன். லிங்க்கை அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் வந்துவிட்டான். முழு ஸ்க்ரீனுக்கு. பட்டு வேட்டி, விபூதி, சிரிப்பு. மண்டபமே ஆர்ப்பரித்தது. பெரியப்பா முகம் தொங்கிப்போய் நாற்காலிக்குத் திரும்பினார். எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது.

துண்டை வைத்து டேப்லெட்டை என் நெஞ்சோடு கட்டினார்கள், ஸ்க்ரீன் வெளிப்பக்கம். பாப்பாவை என் மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்தார்கள். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். கவனியுங்கள், மண்டபத்தில் அத்தனை பேருக்கும் ஸ்க்ரீன் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஆசாரி ஊசியைப் பாப்பாவின் வலது காதுக்குக் கொண்டு வந்தார். அண்ணன் "செல்லம், மாமாவைப் பாரு" என்றான்.

அடுத்த நொடி என் நெஞ்சிலிருந்து ஒரு கம்பீரக் குரல் புறப்பட்டது.

"மூட்டு வலியா? முழங்கால் வலியா? மாடிப்படி ஏறவே பயமா?"

விளம்பரம். பெரிய மீசையும் கையில் பச்சைத் தைல பாட்டிலுமாக ஒருத்தர், ஸ்க்ரீன் முழுக்க. நான் பார்த்ததெல்லாம் எதிரே இருந்த முகங்கள் மாறியதைத்தான்.  எனக்கு இரண்டு கையும் பாப்பா மேல். மூடுவதற்கான பெருக்கல் குறி எறும்பு சைஸில் எங்கேயோ மூலையில். ஆசாரிக்கு இதெல்லாம் தேவையில்லாத விஷயம். நல்ல நேரம் முடியப் போகிறதென்று சொல்லி வைத்திருந்தார்கள், அவர் குத்திவிட்டார்.

பாப்பா அழவில்லை. மீசைக்காரரையே பார்த்துக் கெக்கே பிக்கே என்று சிரித்தாள்.

பின்வரிசையில் ஒரு அத்தை உருகிப்போய், "பாரேன், மாமன் முகத்தப் பாத்ததும் வலியே தெரியல குழந்தைக்கு," என்றார். பக்கத்தில் இருந்தவர், "ரேவதி அண்ணன் நல்லா சதை போட்டுட்டான். மஸ்கட்டு சாப்பாடு," என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் போனில் எங்களெல்லாரையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பார்த்துத்தான் பாப்பா சிரிக்கிறாள் என்று நினைத்து அங்கே அழுதுகொண்டிருந்தான். தைலக்காரர் பேசி முடித்ததும் அவன் குரல் வந்தது. "பாத்துட்டேன்டி. என்னைப் பாத்து சிரிச்சுது பாத்தியா?"

 நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பெரியப்பா எழுந்து வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் அக்கா இடுப்பில் சொருகியிருந்த போனைக் காட்டி, "போடும்மா உங்க அண்ணனுக்கு," என்றார். அக்கா ஒரு கையால் கால் போட்டுக் கொடுத்தாள். பெரியப்பா எனக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்து, போனைப் பாப்பா முகத்துக்கு நேரே பிடித்தார்.

"யோவ் மாமா, ஒரு காது தைலக்காரன் அடிச்சினு பூட்டான்யா. இந்தக் காது உன்னுது. நல்லா மூஞ்சியக் காட்டு."

அண்ணன் தம்மாத்துண்டுதான் தெரிந்தான். பாப்பா அவனை உற்றுப் பார்த்தாள். ஆசாரி இடது காதைக் குத்தினார். பாப்பா மண்டபம் அதிர அழுதாள். அண்ணன் அங்கே அதைவிடச் சத்தமாக அழுதான். பெரியப்பா கடைசி வரை போனை இறக்கவில்லை.

ஆகவே பட்ஜெட் டேப்லெட் வாங்கப் போகிறவர்களே, நான் இப்போது கட்சி மாறிவிட்டேன். அப்டேட் வேண்டும். புது ஐகான், புது கலர் எல்லாம் இல்லாவிட்டாலும் போகட்டும். ஆனால் எந்த வெர்ஷனோடு வருகிறது, இன்னும் எத்தனை வருஷம் கம்பெனி அதைக் கவனிக்கும், இந்த இரண்டையும் கேட்காமல் பில் போடாதீர்கள். பேட்டரி பலவீனமானால் சார்ஜரோடு ஓட்டிவிடலாம். ஆப் கைவிட்டுவிட்டால் கையில் இருப்பது வெறும் பலகை. அதற்குக் கீபோர்டு ஃப்ரீயாக வந்து என்ன, வீணை ஃப்ரீயாக வந்து என்ன?

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "பாப்பாவோட வலது காது மாமாவைக் கூப்பிடு," என்பாள் அம்மா. டிவியில் மீசை வைத்தவர் யார் வந்தாலும் பாப்பா "மாமா" என்று கை நீட்டுவாள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அந்தத் தைலக்காரர் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று பெரியப்பா போகிற இடமெல்லாம் சொல்கிறார். எனக்கு வைஃபை ரிப்பேர் அழைப்புகள் சுத்தமாக நின்றுவிட்டன. (நிம்மதி. ஆனா கொஞ்சம் அசிங்கமாவும் இருக்கு.)

அண்ணன் முந்தாநாள் லீவில் வந்தான். இப்போது ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கிறான். பாப்பா அவன் மடியில் தூங்குகிறாள். அவனுக்குக் கால் மரத்துப் போய்விட்டது, நகர மாட்டேன் என்கிறான்.