பச்சை நிறத்தில் ஒரு மேடு

மேப்புக்காரர் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறது. ஆற்றைப் பார்க்க இவர்கள் ஆற்றுக்குப் போவதில்லை, லேப்டாப்பைத் திறப்பார்கள். அதில் நீலம் என்றால் வெள்ளம், பச்சை என்றால் பத்திரம். எதிரே கிடக்கும் ஊர் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வார்கள்? ஊரைச் சந்தேகிப்பார்கள்.

திருக்கோவிலூருக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் அந்தக் கார்த்திகைக் காலையில் வெள்ள எச்சரிக்கையோடு வந்து இறங்கிய அதிகாரி தங்கதுரை இந்த இனத்தில் நன்கு முற்றிய ரகம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வழி நெடுக டிரைவருக்கு விளக்கிக்கொண்டு, நடுவில் டீக்கு நிறுத்திய இடத்தில் கடைக்காரரின் அடுப்பு கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்பதையும் அவர் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது. போன வருடம் ஒன்பது ஊர்களில், அவர் கோடு போட்ட இடத்தில்தான் தண்ணீர் வந்து நின்றது. ஒன்பது முறை சரியாகச் சொன்னவரைவிட ஆபத்தானவர் யார்? பத்தாவது முறை அவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

மேலே அணையைத் திறந்தாயிற்று. மூன்று மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். அதற்குள் நாற்பது குடும்பங்களும் ஆடுமாடுகளும் வெளியேற வேண்டும்.

“எல்லாரும் தெற்கே இருக்கிற மேட்டுக்குப் போயிடுங்க. மூணு மீட்டர் ஒசரம்,” என்றார் தங்கதுரை, திரையில் பச்சையைத் தட்டிக் காட்டி.

இரண்டு மாடுகளைக் கயிற்றில் பிடித்தபடி நின்ற கூலிக்காரி கண்ணகி எட்டிப் பார்த்தாள்.

“தெற்கால ஏது சார் மேடு? அது கண்ணாயிரம் கழனி ஆச்சே.”

“சேட்டிலைட் எடுத்த அளவும்மா. தப்பாது.”

“எப்ப எடுத்துது?”

“போன மார்கழி.”

கண்ணகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப அங்க கரும்பு நின்னுக்கினு இருந்துது சார், ரெண்டு ஆள் ஒசரத்துக்கு. தையில நாங்கதான் வெட்டினோம். உங்க மேட்ட லாரியில ஏத்தி மில்லுக்கு அனுப்பியாச்சு.”

வானத்திலிருந்து பார்த்த செயற்கைக்கோள் கரும்புத் தோகையைத் தரை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. தங்கதுரை அப்போதும் தெற்கே திரும்பவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். பச்சை இன்னும் பெரிய பச்சையானது.

“இருங்க, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்.”

“நீங்க கேட்டுக்கினு இருங்க. நாங்க மேற்கால பாறைக்குப் போறோம். ஜீப்பையும் அங்க ஓட்டியாரச் சொல்லுங்க சார், இங்க வுட்டா முங்கிடும்.”

நாற்பது குடும்பமும் அவளுடைய மாடுகளின் பின்னால் நடந்தது. ஜீப் கடைசியாக வந்தது. பதினொரு மணிக்குக் கண்ணாயிரம் கழனியில் இடுப்பளவு தண்ணீர். பாறை மேல் உட்கார்ந்து தங்கதுரை அந்த இடத்தை நீலமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

“இப்ப பாரும்மா, கரெக்டா இருக்கா?”

“இருக்குது சார். கொஞ்சம் நகருங்க, மாடு படுக்கட்டும்.”

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? நல்லது. படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை ஃபோனுக்குப் போனதே, உங்கள் தெரு என்ன நிறம் என்று பார்க்கத்தானே? பச்சையாக இருந்தால் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.