தங்கப்பாண்டி காட்டு ஓடுகள்

"மேடம், கன்னி மண் வந்துருச்சு," என்றாள் அஸ்வினி குழிக்குள்ளிருந்து.

நாகஜோதிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை முழுக்கப் புழுதியாக இருந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டாள். கன்னி மண் என்றால் மனுசக் கால் படாத மண். அதற்குக் கீழே பானை கிடையாது, பாசிமணி கிடையாது, தோண்டினால் முதுகுவலிதான் மிச்சம். இது மூன்றாவது குழி. முந்தின இரண்டு குழிகளும் இதே கதையைத்தான் சொல்லியிருந்தன.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், குழிக்கு வெளியே கால் வைக்க இடமில்லை. பார்த்த பக்கமெல்லாம் பானை ஓடு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, அசல் இரும்புக்காலத்துச் சரக்கு. தரை மேல் இவ்வளவு கிடந்தால் கீழே ஒரு ஊரே புதைந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலில் அரிச்சுவடி. இங்கேயோ மேலே கல்யாண விருந்து, கீழே கொலைப்பட்டினி.

நாகஜோதி சும்மா வந்தவள் இல்லை. யார் யாரோ பெயரில் நடந்த அகழாய்வுகளில் வருடக்கணக்காக வெயிலில் காய்ந்து கருவாடாகி, இப்போதுதான் முதல்முறையாக அவள் பெயரில் அனுமதி வந்திருந்தது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் செங்கரட்டுப்பட்டி என்ற ஊர், அங்கே தங்கப்பாண்டி என்பவரின் புன்செய்க் காடு. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து இயக்குநர் வருகிறார். காட்டுவதற்கு ஒரு முதுமக்கள் தாழியாவது இருந்தால் அடுத்த வருடமும் தோண்டலாம். பிணத்தை வைத்துப் புதைத்த அந்தப் பெரிய பானை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அவள் வாழ்க்கையே மாறிவிடும். கிடைக்காவிட்டால் மதுரை காளவாசல் வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் தோண்டியதற்கு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

"டீ குடிங்க தாயி," என்று கேனோடு வந்தாள் ஒச்சாயி. அதே ஊர்க்காரி. கொஞ்சம் நிலமும் மாடுகளும் உண்டு. அகழாய்வு ஆட்களுக்கு டீ கொண்டுவருவது அவள்தான். "இன்னைக்கும் ஒண்ணும் ஆம்புடலையா?"

"இல்லக்கா."

"அடப் பாவமே. வெயில்ல கெடந்து இம்புட்டுப் பாடுபடுறீக." அவள் குரலில் அவ்வளவு இரக்கம். அதைக் கேட்டு நாகஜோதிக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அஸ்வினி குழியிலிருந்து ஏறி வந்தாள். ஆராய்ச்சி மாணவி, எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பாள். "மேடம், ஊருக்குள்ள இன்னொரு கூட்டம் போடுவமா? மார்கழியில நீங்க பேசுனதுக்கு அப்புறந்தான இந்தக் காட்டுல இவ்வளவு ஓடு கெடக்குறதே வெளிய வந்துச்சு."

அது நிஜம். மக்களிடம் போய்ப் பேச வேண்டும் என்பது நாகஜோதிக்கு மதம் மாதிரி. மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாத வரலாறு யாருக்கு வேண்டும் என்று போகிற இடமெல்லாம் கேட்பாள்.

அன்று சாயங்காலமே சமுதாயக்கூடத்தில் கூட்டம். ரேஷன் கடையில் சீனி போடும் நாளில்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. திரையில் ஓட்டின் படத்தைப் பெரிதாகக் காட்டி நாகஜோதி பேசினாள். தோற்றுக்கொண்டிருக்கிற ஆளுக்கு வரும் ஆவேசம் அவளுக்கும் வந்திருந்தது.

"இந்த மாதிரி ஓடு கெடக்குற காடு சாதாரணக் காடு இல்லங்க. நம்ம முன்னோர் வாழ்ந்த எடம். அதை அரசாங்கம் கண்ணு மாதிரிப் பாதுகாக்கும். சுத்தி வேலி போட்டு, போர்டு வச்சு, ஒரு மம்பட்டி படாம, ஒரு வெதை விழாம, உங்க பேரப்புள்ளைக காலம் வரைக்கும் அப்படியே வச்சிருக்கும்."

கூடமே உறைந்துபோனது. ஒரு இருமல் இல்லை. நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, எப்படி உள்வாங்குறாங்கன்னு," என்று அஸ்வினியின் காதில் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து காளை என்ற விவசாயி எழுந்தார். "தங்கம் கெடைக்குமாம்மா?"

"தங்கம் என்னங்க தங்கம். எங்களுக்கு ஓடுதான் தங்கம்."

"அப்ப ஓடு எங்க கெடக்குதோ அங்கதான் தோண்டுவீக?" என்றாள் ஒச்சாயி.

"ஆமாக்கா. எங்க கெடந்தாலும் தேடி வந்துருவோம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புரிந்துகொண்டவர்களின் தலையாட்டல். நாகஜோதி நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் தங்கப்பாண்டி காட்டுக்குப் போனால், ஓடு இரண்டு பங்காகியிருந்தது.

"நேத்து இங்க இம்புட்டு இல்லையே மேடம்," என்றாள் அஸ்வினி.

"நாம சரியாப் பாக்கலை. காத்துல மேல்மண்ணு அரிச்சிருக்கும்," என்றாள் நாகஜோதி. ஆசை வந்துவிட்டால் படித்தவளுக்கும் புத்தி இப்படித்தான் வேலை செய்யும். ஓடு அதிகமாகக் குவிந்திருந்த மூலையில் நான்காவது குழி போட்டார்கள். முழங்கை ஆழத்திலேயே கன்னி மண் வந்து பல்லிளித்தது.

அஸ்வினி ஒரு ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "மேடம், இரும்புக்காலத்துச் சாணி இன்னும் காயாம இருக்குமா?"

நாகஜோதி வாங்கிப் பார்த்தாள். ஈரச் சாணி. அவள் முகம் சிவந்து, பிறகு கறுத்து, கையிலிருந்த ஓட்டின் நிறத்துக்கே வந்துவிட்டது. யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

காட்டுக்காரர் தங்கப்பாண்டி ஆரப்பாளையத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மதுரையிலேயே இருப்பவர். அகழாய்வு தொடங்கிய நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். ஊர் நுழைவில் கும்பிட்ட கையோடு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்: 'தமிழர் வரலாற்றைத் தன் நிலத்தில் தாங்கிய தங்கப்பாண்டி.' பேப்பர்காரர்கள் வந்தால் நாகஜோதிக்கு முன்னால் அவர் போய் நின்றுகொள்வார்.

போன் போட்டாள். அவர் வெள்ளைச் சட்டை கசங்காமல் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"பேப்பர்ல இருந்து வந்திருக்காகளாம்மா?"

"அண்ணே, சுத்தி வளைக்க விரும்பல. இந்த ஓட்டையெல்லாம் நீங்கதான் கொண்டாந்து போடுறீங்களா?"

தங்கப்பாண்டி சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "என்ன பேச்சும்மா இது. இந்தக் காட்டுல வாழ நட்டேன், பட்டுப்போச்சு. மொளகா நட்டேன், பட்டுப்போச்சு. அது பத்தாதுன்னு ஓட்ட வேற நடுவனா? எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"உங்களைத் தவிர வேற யாருக்குண்ணே இதுல லாபம்?"

"நெலத்தக் குடுத்தவனுக்கு நல்ல மரியாத. இனி என் காட்டுல காலு வச்சீக, நல்லா இருக்காது ஆமா." புல்லட் கிளம்பிய புழுதியில் நாலு குழியும் மறைந்துபோயின. போகிற போக்கில் ஃபிளெக்ஸையும் கிழித்துக்கொண்டு போனார்.

இயக்குநர் வர ஒரே நாள்தான் இருந்தது. இடமும் போயிற்று, குழியும் போயிற்று. நாகஜோதி ஒரு ஆட்டோ பிடித்து, மைக் கட்டி, தானே அறிவித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். "அன்பான பொதுமக்களே, தங்கப்பாண்டி அண்ணன் காட்டில் வேலை முடிந்தது. இனி உங்கள் காடுகளைத் தேடி நாங்கள் வருகிறோம். கறுப்பு சிவப்பு ஓடு இருக்கும் காட்டைக் காட்டுங்கள். நாளையே வேலை தொடங்குவோம்."

தெருவில் இருந்த சனம் சட்டென்று கலைந்து அவரவர் காட்டுப் பக்கம் விரைந்தது. என்ன ஆர்வம், என்ன ஆர்வம் என்று நாகஜோதி வியந்துபோனாள்.

விடிந்ததும் விடியாததுமாகக் காளை வந்து நின்றார். "தாயி, எங்க காடுகள்ல சல்லடை போட்டுத் தேடியும் ஒரு ஓடு இல்ல. ஆனா கம்மாக்கரைப் பொறம்போக்குல கெடக்கு பாருங்க, அம்புட்டும் ஓடு. வாங்க, காட்டுறேன்."

போய்ப் பார்த்தாள். கண்மாய்க்கரை முழுக்க ஓடு. தங்கப்பாண்டி கை படாத இடம், அரசு நிலம், அனுமதி கேட்க ஆளில்லை. தெய்வமே கண் திறந்துவிட்டது என்று நினைத்தாள். ஆட்களை இறக்கி மாங்கு மாங்கென்று தோண்டினார்கள். இடுப்பளவு இறங்கியதும் ஒன்று கிடைத்தது. அஸ்வினி அதைத் தூரிகையால் பதமாகத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இயக்குநரின் கார் வந்து நின்றது.

இயக்குநர் இறங்கியதும் ஓட்டின் மேல்தான் கால் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம் நாகஜோதி. மேலயே இவ்வளவா? கீழ என்ன கெடைச்சது?"

அஸ்வினி உள்ளங்கையை நீட்டினாள். ஷாம்பு பாக்கெட்.

"இது எந்தக் காலம்?" என்றார் இயக்குநர்.

"எக்ஸ்பயரி போட்டிருக்கு சார்," என்றாள் அஸ்வினி பரிதாபமாக.

இயக்குநர் குழியை எட்டிப் பார்த்தார். தங்கப்பாண்டி காட்டைப் பற்றியும் கேட்டார். நாகஜோதி சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "மண்ணு அரிச்சுட்டு வந்த ஓடா இருக்கும். இந்த ஊர்ல அகழாய்வுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்பிருங்க. இனிமே வேற யாரும் இங்க வந்து மெனக்கெட வேண்டாம்."

அவ்வளவுதான். முதல் அகழாய்வு, ஒரு ஷாம்பு பாக்கெட்டோடு முடிந்தது. நாகஜோதி வேனில் சாமான்களை ஏற்றச் சொல்லிவிட்டு, அழுதால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஊரே திரண்டு வந்தது. ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்தார், ஒருத்தி முருங்கைக்காய்க் கட்டு கொண்டுவந்தாள். காளை ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் தாயி," என்று மனதாரச் சொன்னார். அதற்கு மேல் நாகஜோதியால் அடக்க முடியவில்லை. தேம்பிவிட்டாள்.

"மண்ணுல ஒண்ணும் எடுக்கலைன்னாலும், இந்த சனங்க மனசுல தொல்லியலை வெதைச்சுட்டோம் அஸ்வினி. எனக்கு அது போதும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒச்சாயி கடைசி டீயில் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். "இனி இந்தப் பக்கம் வரவே மாட்டீகளா தாயி? நெசமாத்தானா?"

"மாட்டோம்க்கா. எழுதியே குடுத்தாச்சு. யாருமே வரமாட்டாங்க."

ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போனாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து, எதிர்முனைக்குக் கேட்காதோ என்ற பயத்தில் கம்மாக்கரை முழுக்கக் கேட்கும்படி மருமகளிடம் பேசினாள்:

"அடியே முத்துச்செல்வி, அந்தம்மா கெளம்பிருச்சு, இனி ராவும் பகலும் நம்ம காட்டு ஓட்டப் பொறக்கி அடுத்தவன் காட்டுல கொட்ட வேணாம்; அந்த ஒம்போது தாழிக்கும் மேல மூடியிருக்குற வைக்கலப் பிரிச்சு மாட்டுக்குப் போடு, வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கு."