வாயை மூடி ஜெயித்த மைக்செட்டு பாவா

மைக்செட்டு பாவாவுக்கு ரகசியம் பேச வராது. திருத்தணி மலைக்கோயிலில் மைக் வைத்துச் சொல்வதும், பாவா தன் வீட்டு வாசலில் நின்று யாரிடமாவது காதோடு காதாகச் சொல்வதும் ஊருக்குள் ஒரே அளவில்தான் கேட்கும்.

அவருக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணியில் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்து, பின்னால் ஷெட் போட்டு பவர்லூம் தறி ஓட்டினார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட, அவர் எனக்கு பாவா, அதாவது அத்தான், ஆனார். கொஞ்ச நாளில் தெருவுக்கே பாவா. மைக்செட்டு என்பது தெரு கொடுத்த பட்டம்.

குரலுக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தறி ஓடும் ஷெட்டுக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நடக்கப் பழகியதே அந்த இரைச்சலில்தான் என்பதால், வெளியே வந்த பிறகும் அவர் குரலுக்கு இறங்கத் தெரியவில்லை. அதே ஷெட்டில் அதே இரைச்சலில் வேலை செய்த அக்கா பேசினால் குனிந்து கேட்க வேண்டும். ஊட்டுக்கு வேண்டிய சத்தத்தை அவரே போட்டுடறாரு, நான் வேற எதுக்கு என்பார்.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை எப்படி என்று பாவாவின் காதில் விசாரித்தார். பாவாவும் அவர் காதில்தான் பதில் சொன்னார். "தங்கமான பையன்ங்க. சாயங்காலத்துல மட்டும் கிட்ட போவாதீங்க." நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார். அது சாயங்காலம் வேறு. மாப்பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல் சமாளித்தார்.

இப்படிப்பட்ட மனிதரை நாங்கள் போன மார்கழியில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என் கணவரின் கல்லூரி சிநேகிதர் ரகுவும் அவர் மனைவி நிர்மலாவும் மலைக்கு சாமி கும்பிட வந்தபோது அக்கா கையால் சாப்பிட்டிருந்தார்கள். இந்தக் குளிர் போவதற்குள் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் நாலு பேரும் தங்கள் ஃபிளாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அக்காவுக்கு சென்னை என்றால் நூல் வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்புகிற ஊர். ஊர் சுற்றுவதற்கென்று போவது அதுதான் முதல் தடவை. புதுப் புடவை எடுத்து, ஜாக்கெட்டை இரண்டு முறை பிரித்துத் தைத்து, ஒரு வாரம் அதே நினைப்பாக இருந்தார்.

பாவா குளிருக்கு குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கிளம்பினார். அதில்தான் வினை ஆரம்பித்தது. குல்லா காதை மூடிவிட்டதால் அவர் பேசுவது அவருக்கே கேட்கவில்லை. கேட்கும்வரை சத்தத்தை ஏற்றினார். மெரினாவில் அவர் அலையைப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டிப் பேச, குதிரைக்காரர் ஒருவர் வந்து, குதிரை மிரளுது, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க சார் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

அதுவரை எல்லாருக்கும் சிரிப்புதான். சனிக்கிழமை சாயங்காலம் ரகு எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனார். மங்கலான விளக்கு, மெல்லிய சங்கீதம், பக்கத்து மேஜைக்காரர்கள் மூச்சு விடுவதே தெரியவில்லை. அக்கா புதுப் புடவையில் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தார். நெருப்பில் வாட்டிய சோளம் வந்தது. அக்கா அதை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பாவா அன்போடு அவர் பக்கம் சாய்ந்து ரகசியம் சொன்னார்.

"பாத்துக் கடிமே. முன்பல்லு கட்டுன பல்லு. சோளத்தோட போயிடப் போவுது."

தண்ணீர் ஊற்ற வந்த பையன் ஊற்றாமல் நின்றான். ஆறு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அது கட்டின பல் என்று எனக்கே தெரியாது. அக்கா சோளத்தைத் தட்டில் வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அந்த வாய் பாவாவிடம் திறக்கவில்லை.

பாவா கார் ஏறும்வரை தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியாமல் இருந்தார். புரிந்ததும் குல்லாவைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மன்னிப்பு கேட்கலாம்தான். கேட்டால் ஃபிளாட்டில் அத்தனை மாடிக்கும் கேட்கும், விஷயம் இன்னும் மோசமாகும் என்று பயந்து சும்மா இருந்தார். காலையில் படுக்கையை மடிக்கும்போது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல எறங்கினதும் நான் நேரா ஆர்.கே.பேட்டை பஸ் ஏறி அண்ணன் ஊட்டுக்குப் போறேன் தங்கச்சி. கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது.

மத்தியானம் அந்த ஃபிளாட்காரர்கள் எல்லாம் கீழ் ஹாலில் கூடி விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். தம்பதிகளுக்கான ஆட்டம். சீட்டில் இருக்கும் வார்த்தையை ஒருவர் வாய் பேசாமல் நடித்துக் காட்ட, மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. நிர்மலா எங்களைக் கேட்காமலே எல்லார் பெயரையும் கொடுத்திருந்தார். முதலில் நானும் என் கணவரும் போனோம். அவர் இடியாப்பம் பிழிந்து காட்ட, நான் யானை என்றேன். கௌரவமாக வந்து உட்கார்ந்துவிட்டோம்.

பாவா பெயரைக் கூப்பிட்டதும் ரகு சிரித்தார். வாய் திறக்கக் கூடாத ஆட்டத்துக்கு இவரா என்று. அக்கா மேடைக்கு வந்தார், வராவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பாவா சீட்டைப் பிரித்தார். பிரித்துவிட்டு அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல் நுனிகளைச் சேர்த்து, எதையோ முடிச்சுப் போடுவது போல மெல்லத் திருகினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். அக்கா திரும்பவில்லை. பாவா அதையே மறுபடி செய்தார். நேரம் ஓடுகிறது என்று, போட்டியை நடத்திய ஃபிளாட் சங்க செகரட்டரி எச்சரித்தார். மூன்றாவது முறையும் அதேதான்.

அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். கட்டின கை அவிழ்ந்தது. ஒரு விரலை மட்டும் காற்றில் ஒரு சுற்று சுற்றினார்.

அது என்ன என்று அக்கா ரயிலில்தான் எனக்குச் சொன்னார். இழை அறுந்தது என்னால்தான், நானே முடிஞ்சிடறேன் என்பது பாவாவின் கை. தறியை ஓட்டு என்பது அக்காவின் விரல். அந்த இரைச்சலுக்குள் அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து பேசியதெல்லாம் கையால்தான். பாவா தாழ்ந்த குரலில் பேசத் தெரிந்த ஒரே பாஷை அது.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பாவா கட்டைவிரலை அசைப்பார், அக்கா குக்கர் என்பார். பாவா புருவத்தைத் தூக்குவார், அக்கா கரண்ட் பில் என்பார். ஒரு சீட்டுக்கு அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து நின்றதோடு சரி, அக்கா மாமியார் என்றார். ஹாலே எழுந்து நின்றது. அடுத்து அக்கா நடிக்க, பாவா பதில் சொன்னார். மேல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விடை தெரிந்துகொண்டு கீழே இறங்கி வந்தார்கள்.

ஒரு இளைஞர் மட்டும், இவர்கள் ஏதோ முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள், இது சரியில்லை என்று செகரட்டரியிடம் முறையிட்டார். பாவா அவர் தோளில் கை போட்டார்.

"ஆமாம்பா, பேசி வச்சிகினுதான் வந்தோம். கொழம்புல உப்பு இல்லன்னாகூட கையாலதான் சொல்லிகினு இருக்கோம். இது தப்பாட்டம்னா எங்க கல்யாணமே தப்பாட்டம்தான்."

அந்த இளைஞரின் மனைவிதான் முதலில் கைதட்டினார்.

பரிசு, ஆள் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மை. ரயிலில் ஜன்னலோர சீட் அதற்கு. திருவள்ளூர் வருவதற்குள் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் பாவா போட்டியை முதலிலிருந்து நடத்திக் காட்டிவிட்டார். அக்கா தடுக்கவில்லை, மறந்துபோன இடங்களை எடுத்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் இறங்கியதும் சொன்னபடியே ஆர்.கே.பேட்டை பஸ் ஏறினார். அண்ணனுக்குக் கரடியைக் காட்ட வேண்டுமாம். கரடியைத் தூக்கிக்கொண்டு பாவா பின்னால் ஏறினார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஏதோ கேட்க ஷெட்டுக்குப் போனேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாவா அக்கா பக்கம் திரும்பி, டம்ளரைப் பிடித்து ஆற்றுவது போலக் கையைக் காட்டினார். எனக்குக் காபி எல்லாம் வேண்டாம் என்று நான் வாயை அசைத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே என்னை வெளியே அழைத்து வந்தார்.

"காபி வேணுமான்னு கேக்கல. நீ வந்துகீறேன்னு சொல்றாரு. தறிக்குள்ள உன் பேரே அதான்."

அன்றிலிருந்து யார் வீட்டில் யார் காபி ஆற்றினாலும், பாவா என்னைக் கூப்பிடுவது போலவே இருக்கிறது.