பேண்டு செட்டை எடை போட்ட மனுஷன்

சங்கீதத்தைக் காதால கேட்டவங்க உண்டு, கண்ண மூடி ரசிச்சவங்க உண்டு. அதை எடை போட்டுப் பாத்தவரு எனக்குத் தெரிஞ்சு இந்தப் பூமியில ஒருத்தருதான். எங்க கள்ளக்குறிச்சி 'எடைமேடை'. வேற பேரு ஒண்ணு இருந்துச்சு. அது அவரு சம்சாரத்துக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியும்.

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு சக்கரை ஆலையில முப்பது வருசத்துக்கு மேல கரும்பு லோடை எடை போட்டுட்டு ரிட்டயர் ஆனவரு. ஆளு ஒல்லி. எதிர்ல யாரு வந்தாலும் டயர்லேர்ந்து மேல பாக்குற மாதிரி கால்லேர்ந்துதான் பாக்க ஆரம்பிப்பாரு. கல்யாண வூட்டுல மாப்பிள்ளைக்கு மொய் கவர் குடுக்க மேடை ஏறும்போதுகூட, ஒத்தைக் காலால பலகைய அழுத்தி, ஆடுதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் ஏறுவாரு. அதுக்குள்ள பின்னாடி க்யூ மண்டப வாசல் வரைக்கும் போயிடும்.

இந்த ஆளு எப்படி ஸ்கூல் பேண்டு போட்டிக்கு ஜட்ஜ் ஆனாருன்னு கேப்பீங்க. இவருக்கு முன்னாடி யாரெல்லாம் அந்த நாற்காலியில உக்காந்தாங்கன்னு கேட்டா, இவரு மேலயே உங்களுக்கு மரியாதை வந்துடும்.

ஒரு வருசம் பல் டாக்டர் வந்தாரு. பியூகிள் ஊதுற பசங்க வாயை மட்டும் உத்துப் பாத்தாரு. மொதல் பரிசு வாங்கின டீம்ல மூணு பேருக்குக் கடவாப்பல்லு போச்சு. அடுத்த வருசம் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். விசிலு தெரியுமே, அந்தத் தகுதி போதாதா? ஒரு டீம் நடுவுல நல்லா வாசிச்சுக்கினு இருக்கும்போது, பழக்க தோஷத்துல விசிலை ஊதிட்டாரு. முப்பது பேரும் பிரேக் போட்டு நின்னாங்க. அப்புறம் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். டிரம்முத் தோலை ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்து, "இது மாடே இல்ல, பிளாஸ்டிக்கு"ன்னு எல்லா டீமுக்கும் மார்க்கைக் கொறச்சிட்டாரு.

எந்த வருசமும் மாறாம இருந்தவரு ஜவுளிக்கடை பாய். நல்ல மனுஷன். ஆனா ஊர்ல பாதி ஸ்கூலுக்கு யூனிபார்ம் துணி அவரு கடையிலதான். டீம் வந்து நின்னதும் எழுந்து போயி, மொதல் பையன் காலரை ரெண்டு விரலால தேச்சுப் பாப்பாரு. தேச்சுட்டு வந்தாருன்னா மார்க்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் டீம் வாசிக்கிறதெல்லாம் அவங்க சொந்த சந்தோஷத்துக்கு.

மூணாவது ஜட்ஜ் நானு. ஊர்ல ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வெச்சிருக்கேன். போட்டிக்கு நாந்தான் போர்டு அடிச்சேன். 'நடுவர்கள்'னு போட்டு மூணு கட்டம். ரெண்டுல பேரு வந்துச்சு, மூணாவது வரல. விழாக் கமிட்டிக்குப் போன் பண்ணினா, "யாரையாவது போடுய்யா, மெஷின் சூடா இருக்கும்போதே அடிச்சுக் குடு"ன்னாங்க. யாரையாவதுன்னா யாரு? என் போட்டோ கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்துச்சு. 'இசை ஆர்வலர்'னு கீழ ஒரு வரியும் சேத்துக்கினேன். காலையில பால் வாங்கப் போறப்போ பஸ் ஸ்டாண்டு எதிர்ல பத்தடி ஒசரத்துல நான் சிரிச்சுக்கினு இருக்கேன். எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. அதுலேர்ந்து அந்த மூணாவது கட்டம் எனக்கே ஆகிப்போச்சு.

எடைமேடை ஜட்ஜ் பண்ற அழகே தனி. மைதானத்து நடுவுல சுண்ணாம்புல ஒரு பெரிய கட்டம் போடச் சொல்வாரு. டீம் அதுக்குள்ள வந்து அசையாம நிக்கணும். அப்போ ஒரு சுத்து சுத்தி வந்து பாத்து, 'காலி எடை'ன்னு எழுதிக்குவாரு. வாசிச்சு முடிச்சதும் திரும்ப ஒரு சுத்து. 'லோடு எடை'. ரெண்டையும் கழிச்சா மார்க்கு. இதுல தொப்பியில இறகு, தோள்ல குஞ்சம், இடுப்புல தங்கக் கலர் பட்டை எல்லாம் காலி எடையில சேந்துடும். அலங்காரம் ஜாஸ்தி ஆவ ஆவ மார்க்கு கம்மி.

"சார், குஞ்சம் அழகுக்குத்தானே?"ன்னு ஒருதரம் கேட்டேன்.

"கரும்புல தோகையும் அழகாத்தான் இருக்கும் தம்பி. அரைச்சா சாறு வருமா?"

நாப்பத்தேழு வயசுல என்னைத் தம்பின்னு கூப்புட்ட ஒரே ஆளு அவருதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே பாதி நேரம் வாயை மூடிக்கினு இருந்தேன்.

மார்க்கும் முழுசாப் போட மாட்டாரு. நாப்பத்தி மூணு புள்ளி ஆறு ரெண்டு பூஜ்யம். "அந்தக் கடைசி பூஜ்யம் எதுக்கு சார்?"ன்னா, "அது இல்லன்னா கட்சிக்காரன் கேள்வி கேப்பான்"னு சொல்வாரு. எந்தக் கட்சிக்காரன்னு நான் கேக்கல.

போன வருசப் போட்டிதான் என் வூட்டுக்குள்ள பூந்துச்சு. என் பொண்ணு பவி பிளஸ் டூ. டவுன் ஸ்கூல் பேண்டுல பெரிய டிரம் அவதான். நாலு வருசமா ஒருதரம்கூட அவங்க டீம் ஜெயிக்கல. ஜெயிச்சா ஜில்லா குடியரசு தின அணிவகுப்புல முன்னாடி வாசிச்சுக்கினு போலாம். அடுத்த வருசம் காலேஜு. அங்க டிரம்மும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இதான் கடைசி.

காலையில சட்டை மாட்டும்போது என் சம்சாரம் சொன்னா: "பொண்ணு தோள்பட்டை காச்சுப் போயிருக்குது. நீ ஜட்ஜா உக்காந்துக்கினு அவ தோத்து வந்தான்னா, நீ அந்த மைதானத்துலயே இருந்துக்கோ."

"வூட்டுக்கு?"

"வூட்டுல உனக்கு இன்னா வேலை?"

பவி டிரம்முக் குச்சிய மடியில வெச்சுக்கினு, "ப்பா, நீ எங்க டீமுக்கு மட்டும் பாக்காம மார்க்கு போடாத"ன்னா. அதாவது ஒழுங்காப் பாத்துப் போடுன்னு அர்த்தம். எனக்கு அது அப்போ அப்படி வெளங்கல.

மொத்தம் எட்டு டீமு. மைதானத்துக்குப் போனா எடைமேடை புதுசா ஒரு சட்டம் கொண்டாந்திருக்காரு. கரும்பு லாரியில ஒரு திருட்டு உண்டாம். லோடோட எடை போடும்போது டிரைவர் சீட்டுலயே உக்காந்துக்குவான். காலி வண்டிய எடை போடும்போது எறங்கிப் போயி டீ குடிப்பான். அவன் எடையும் கரும்புக் கணக்குல சேந்துடும். பேண்டுலயும் அதேதான் நடக்குது, மாஸ்டருங்க ஓரமா நின்னுக்கினு கையாலயும் கண்ணாலயும் மோவாக்கட்டையாலயும் வண்டி ஓட்றாங்கன்னு இவரு கண்டுபுடிச்சிருக்காரு.

டவுன் ஸ்கூல் மாஸ்டரு பாண்டிச்சேரிலேர்ந்து வர்றவரு. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ. எடைமேடை நேரா அவருகிட்ட போனாரு.

"டிரைவர் எறங்கு."

"சார், நான் மாஸ்டர்."

"அதான் சொல்றேன். எறங்கு."

"எங்க சார் எறங்குறது, தரையிலதானே நிக்கிறேன்?"

"அங்க டீக்கடை இருக்குது. முடிஞ்சதும் கூப்புடறேன்."

ஸ்கூல் ஆளுங்க ஓடியாந்து ரூல்ல இல்லைன்னாங்க. "டிரைவர் எறங்கினா ஓடாத வண்டி எதுக்கு மேடைக்கு வந்துச்சு?"ன்னு கேட்டுட்டு எடைமேடை நாற்காலியில வந்து உக்காந்துட்டாரு. பாய் என்னைப் பாத்தாரு. நான் தண்ணி பாட்டிலைப் பாத்தேன்.

மாஸ்டர் டீக்கடைக்குப் போனதும் டீமு போச்சு. மொதல் ஒரு நிமிசம் சமாளிச்சாங்க. அப்புறம் சின்ன டிரம்மெல்லாம் மாஸ்டர் நின்ன எடத்தையே பாத்துக்கினு ஆளுக்கொரு பக்கம் அடிக்க ஆரம்பிச்சுது. பியூகிள் ஒரு பக்கம் போச்சு, ஜால்ரா ரெண்டும் தனிக்குடித்தனம் போச்சு. பவி மட்டும் யாரையும் பாக்காம, தலையக் குனிஞ்சுக்கினு, டொம், டொம்முன்னு ஒரே மாதிரி அடிச்சுக்கினு இருந்தா. நான் பேனாவ எடுத்துத் தொண்ணூத்தெட்டு போட்டேன். ஏன் நூறு போடலன்னா, நான் நேர்மையானவன்.

மத்த டீமுங்க கதியும் அதேதான். கடைசியா வெள்ளிமலை பக்கத்துலேர்ந்து ஒரு மலை ஸ்கூலு. பன்னெண்டே பேரு. இறகு இல்ல, குஞ்சம் இல்ல, ஸ்கூல் யூனிபார்மும் செருப்பும். அவங்க பி.டி. வாத்தியாரு மலையேறி எறங்குற பஸ்ஸைத் தவற விட்டுட்டு, பின்னாடி ஜீப்புல வந்துக்கினு இருக்காராம். எறக்கிவிட டிரைவரே இல்லாம வந்த டீமைப் பாத்து எடைமேடைக்கு மொகமெல்லாம் பல்லு. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினே வாசிச்சாங்க. தேன் மாதிரின்னெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு பியூகிள் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துச்சு. ஆனா ஆரம்பிச்ச எடத்துலேர்ந்து முடிக்கிற எடம் வரைக்கும் எல்லாரும் சேந்தே போயி சேந்தாங்க. அன்னிக்கு அப்படிப் போயி சேந்தது அவங்க மட்டும்தான்.

மார்க்கைக் கூட்டினோம். மலை ஸ்கூலுக்கு எடைமேடை அறுவத்தொண்ணு புள்ளி மூணு நாலு பூஜ்யம். நான் அம்பத்தஞ்சு. பாய் நாப்பது. "துணி நம்பளுது இல்ல"ன்னு அவரே வருத்தமா சொன்னாரு. டவுன் ஸ்கூலுக்கு எடைமேடை இருவத்திரெண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம், பாய் தொண்ணூத்தஞ்சு, நான் தொண்ணூத்தெட்டு. டவுன் ஸ்கூல்தான் மொதல். எனக்கு வூட்டுல சோறு நிச்சயம்.

எடைமேடை என் பேப்பரை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழ வெச்சுக்கினு ரொம்ப நேரம் பாத்தாரு.

"தம்பி, இந்த லோடுல டிரைவர் உக்காந்துக்கினு இருக்கான்."

"மாஸ்டரைத்தான் டீ குடிக்க அனுப்பிட்டீங்களே சார்."

"மாஸ்டர் இல்ல. அப்பன்."

பாய் கர்சீப்பை எடுத்து மொகத்தைத் தொடைச்சுக்கினாரு.

"உன் எடை எவ்ளோ?"ன்னாரு.

"எண்பத்திரெண்டு கிலோ சார்."

பேனாவ என் கையில குடுத்தாரு. "நீயே கழி."

கழிச்சேன். நேர்மைன்னு நெனைச்சுடாதீங்க. அந்த ஆளு பாத்த பார்வையில, எனக்குப் பின்னாடி நாப்பது லாரி ஹாரன் அடிச்சுக்கினு நிக்கிற மாதிரி இருந்துச்சு. தொண்ணூத்தெட்டுல எண்பத்திரெண்டு போனா பதினாறு. காலையில நான் இன்னும் ரெண்டு இட்லி தின்னிருந்தா பதினஞ்சுதான் மிஞ்சியிருக்கும். மலை ஸ்கூலு ஜெயிச்சுது.

ரிசல்ட்டு சொன்னதும் அந்தப் பன்னெண்டு பேரும் அவங்க வாத்தியாரைத் தேடினாங்க. அவரு அப்பதான் ஜீப்புலேர்ந்து எறங்கி, "ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டுக்கினே ஓடியாந்தாரு.

பவி நேரா எங்க மேசைக்கு வந்தா. என்னைப் பாக்கல.

"சார், எங்களுக்கு ஏன் இருவத்திரெண்டு?"

"அதுல இருவது உன் டிரம்முது"ன்னாரு எடைமேடை. "மீதி ரெண்டுதான் அவங்களுது."

"நான் ஒருத்தி கரெக்டா அடிச்சு இன்னா சார் பிரயோஜனம்?"

அவரு யோசிச்சாரு. ஆறுதலா எதாவது சொல்வாருன்னு நானும் காத்துக்கினு இருந்தேன். "ஒண்ணுமில்ல"ன்னாரு. "லோடு அவ்ளோதான்."

அவ என் பக்கம் திரும்பினா. "நீ எவ்ளோ போட்ட?"

"மொதல்ல தொண்ணூத்தெட்டு. அப்புறம் பதினாறு."

"கேட்டியா வாசிச்சதை?"

"இல்ல பவி. உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவ அழுவல. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. வூட்டுக்குப் போற வழியில வண்டியில பின்னாடி உக்காந்து, "அந்த ஆளுக்குக் காதே இல்லப்பா"ன்னா. "இல்ல"ன்னேன். கொஞ்ச தூரம் போனப்புறம், "ஆனா குச்சியப் பாத்திருக்காரு"ன்னா.

வூட்டுல ரெண்டு நாளைக்கு எனக்குப் பழைய சாதம். அது தனிக் கதை.

குடியரசு தினத்தன்னிக்கு மைதானத்துக்கு நான் வரலன்னுட்டேன். பவிதான் இழுத்துக்கினு போனா. ஜட்ஜுங்களுக்கு மேடையில எடம் கெடையாது, பேரும் சொல்லல. எடைமேடை இஸ்திரி போட்ட சட்டையில, தடுப்புக் கம்பிய ஒட்டி ஜனங்களோட ஜனமா நின்னுக்கினு இருந்தாரு. பவி என்னை வுட்டுட்டு அவரு பக்கத்துல போயி நின்னா. நான் பின்னாடி.

மலை ஸ்கூல் பேண்டு வந்துச்சு. வாத்தியாரு இந்தத் தடவை முந்தின நாளே எறங்கி வந்துட்டாராம். பவி அவங்க பெரிய டிரம்மையே பாத்துக்கினு, கம்பி மேல ஒத்தை விரலால தாளம் போட ஆரம்பிச்சா.

"கை தட்டலாமா?"ன்னு கேட்டாரு எடைமேடை.

"இன்னும் முடியல சார்."

"எனக்கு அது தெரியாதும்மா. எப்பவுமே தெரிஞ்சதில்ல. முடிஞ்சா சொல்லு."

அவ சொல்லல. தாளம் போட்ட விரலை நிறுத்தினா. அவரு அதைப் பாத்துட்டு, ஒரு தடவை பேண்டையும் பாத்து உறுதி பண்ணிக்கினு, தட்ட ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள மைதானமே தட்டி ஓஞ்சுபோச்சு. தனியா ஒரு ஆளு தட்டுற சத்தத்தைக் கேட்டு நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க.

நானும் அவரோட சேந்து லேட்டாவே தட்டினேன்.