கண்ணாடிக்காரர் வீட்டு முகத்திரை

முகத்திரை அணிந்த பெண்ணின் மனநிலை வெளியே தெரியாது என்று உலகத்தில் ஒரு கருத்து உலவுகிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். பெரும் பிழை. திரைக்கு மேலே இரண்டு புருவங்கள் இருக்கின்றன. ஒரு கணவனை ஒடுக்க அவை தாராளமாகப் போதும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நம் கண்ணாடிக்காரர் இதை அனுபவத்தில் அறிந்தவர். கூடவே இன்னொன்றையும் அறிந்ததாகச் சொல்லிக்கொள்வார்: "முகம் எதுக்குங்க? கண்ணைக் காட்டுங்க, ஆளைச் சொல்றேன். இந்த ஊர்ல எனக்குத் தெரியாத கண்ணே கிடையாது."

ஒரு நாள் காலை அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் ஒரு பையைக் கவிழ்த்தார். மயில்கழுத்து நீலம், மாதுளைச் சிவப்பு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று நிகாப் முகத்திரைகள் சரிந்து விழுந்தன. கண்ணாடிக்காரரின் டீ வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்னது இது! வானவில்லைக் கிழிச்சுத் தச்சியா?"

"நான் தச்சதுதான். காதுகிட்ட பாருங்க, பட்டன் ஓட்டை மாதிரி ரெண்டு காஜா. கண்ணாடியோட காம்பு அதுல நுழைஞ்சுடும். மூக்கு மேல ஒரு மடிப்பு. மூச்சு கீழ இறங்கிடும், கண்ணாடியில ஆவி படியாது. நம்ம கடை முகப்பு அலமாரியை எனக்குக் குடுங்க."

"முகப்பா? அது கறுப்பு ஃப்ரேம் இருக்கிற இடம்!"

"இருக்கிற இடம்தான். போற இடமில்ல. தூசி தட்டித் தட்டி ஃப்ரேமே தேஞ்சு போச்சு."

நேர் வாதத்தில் தோல்வி உறுதி என்று தெரிந்ததும், மகனாகப் பிறந்தவர்கள் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். அம்மாவை இழுத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. எங்கம்மா மனசு தாங்காது. கறுப்பைத் தவிர வேற எதையும் தொட்டவங்க இல்ல. அவங்க என்னிக்குக் கலர் போடுறாங்களோ, அன்னிக்கே முகப்பு உனக்கு."

"சரிங்க," என்றார் மனைவி.

மனைவி இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்று மாலை அம்மாவின் அறைக்குப் போனார்.

"அம்மா, கலர் நிகாப்னு யாராவது வந்தா வேணாம்னு சொல்லிடுங்க."

"நான் எங்கடா வெளிய போறேன்? நிகாப்பும் கண்ணாடியும் சேர்ந்தா உலகமே புகை மண்டலம். போன மாசம் விளக்குக் கம்பத்துக்கு சலாம் சொல்லிட்டு வந்தேன். நீயும் கண்ணாடியை மாத்தி மாத்திக் குடுக்குற, ஆவி போகல."

"கண்ணாடியில குறை இல்லம்மா. நீங்கதான் மூச்சைக் கொஞ்சம் கம்மியா விடணும்."

அம்மா மகனைப் பார்த்தார். கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் மாமியாரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் தூங்கப் போனார்.

அடுத்த வாரம் கடையில் ஒரு ஃப்ரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, கத்தரிப்பூ நிற நிகாப் அணிந்த ஒருவர் எதிர்ச்சாரியிலிருந்து வண்டிகளுக்கு நடுவே மிடுக்காகக் கடந்து வருவதைக் கண்டார். கண்ணாடி பளிங்குபோல் தெளிவாக இருந்தது. அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்து நின்றான்.

"வாங்க சகோதரி, வாங்க! ஆவி படியாத கண்ணாடியை இப்பத்தான் பார்க்குறேன். நிகாப் நிறமும் ஃப்ரேமுக்கு எடுப்பா இருக்கு. யார் தச்சாங்களோ, நல்ல மூளை! ஊருக்குப் புதுசா? நம்ம ஊர்க் கண்ணு எல்லாம் எனக்குத் தெரியுமே!"

"டேய்! பெத்தவளைப் பார்த்து ஊருக்குப் புதுசான்னு கேக்குறியா?"

திருகாணி உருண்டு போயிற்று. அதைத் தேடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நிகாப் அணிந்த அம்மாவின் கண்களை ஆவி இல்லாமல் அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

"அம்மா... நீங்களா? கலரா?"

"கறுப்புலதான் கேட்டேன். கறுப்புத் துணி தீர்ந்துபோச்சுன்னு உன் பொண்டாட்டி சொன்னா. போட்டுப் பார்த்தேன், எதிர்ல வர்ற ஆளு ஆளாத் தெரியுது. அதுக்கப்புறம் கறுப்பு என்ன, கத்தரிப்பூ என்ன?"

பின்னாலேயே மாதுளைச் சிவப்பில் மனைவி வந்தார், பையோடு. திரைக்கு மேலே புருவங்கள் இரண்டும் உச்சியில் இருந்தன.

"தீர்ந்துதாங்க போச்சு," என்றார். "முகப்புச் சாவி?"

சாவி கைமாறியது. அம்மா நாற்காலியைக் காட்டினார்.

"இப்ப நீ இதுல உட்காரு. கைக்கெட்டுற தூரத்துல நிக்கிற தாயைத் தெரியலன்னா அது சாதாரண விஷயமில்ல. மருமகளே, அந்த எழுத்துப் பலகை விளக்கைப் போடு."

மூன்றாவது வரியில் அவர் 'ட'வை 'ப' என்று வாசித்தார். நான்காவது வரியில், எழுத்துகளே இல்லை என்றார்.

மறுநாள் கடை திறந்தபோது கண்ணாடிக்காரர் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. ஃப்ரேமின் நிறம் கிளிப்பச்சை.